பம்பை மாற்றுமுன் கேஜைப் போடுங்கள்!

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் என் பழைய மாருதி 800 இப்போது அசராமல் ஏறுகிறது. இருப்பதே 796 சிசி, மூன்று சிலிண்டர். பெட்ரோல் மட்டும் ஒழுங்காக வந்துவிட்டால் அந்தக் குட்டி எஞ்சின் என்னமாய் இழுக்கிறது!

முன்பு ஊருக்குள் தங்கமாக ஓடும். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் விக்கும், இழுவை போகும், நின்றுவிடும். ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் விட்டுச் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும். பார்த்தவர்கள் எல்லாரும் பெட்ரோல் பம்ப் போச்சு என்றார்கள். எங்கள் மெக்கானிக் அண்ணன் மட்டும், "அவசரப்படாதீங்க தம்பி, முதல்ல பெட்ரோல் பிரஷர் கேஜைப் போட்டுப் பார்த்துடுவோம்" என்றார். மனுஷன் வைத்தியர்!

சாவியை ஆன் செய்யச் சொல்லி டேங்க் பக்கம் காது கொடுத்தார். ஓரிரு வினாடி பம்பின் ரீங்காரம் கேட்டது. பெட்ரோல் மூடியைத் திறந்தார். காற்றை உறிஞ்சும் சத்தம் இல்லை, ஆக டேங்கின் காற்றுவழி அடைக்கவில்லை. பம்ப் பிளக்கில் மல்டிமீட்டர் வைத்தார், கரன்ட் சரி. பிறகுதான் கேஜ். இந்த மாதிரி எம்பிஎஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டிகளில் சுமார் 3 பார் அழுத்தம் நிற்க வேண்டும். ஐட்லிங்கில் முள் கம்பீரமாக நின்றது. எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தார். முள் சரசரவென்று இறங்கியது. அதைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு வந்த பரவசம் இருக்கிறதே!

சூடேறித் தளர்ந்த பம்பும் இதே வேலையைக் காட்டும். அதனால் பேட்டரி மைனஸைக் கழற்றி, அழுத்தத்தை வடித்து, திறந்தவெளியில் வைத்துப் பம்பை வெளியே எடுத்தார். அடியில் இருந்த ஸ்ட்ரெய்னர் வலை டிகிரி காபி நிறத்தில் இருந்தது. விரலால் தேய்த்தால் நறநறவென்று துரு. பம்ப் இழுக்க இழுக்க அழுக்கு வலையில் போய் அப்பிக்கொள்ளும். வண்டி நின்றதும் உதிர்ந்து வழிவிடும். ஓய்வெடுத்தால் வண்டி ஓடிய ரகசியம் இதுதான்!

டேங்கைக் கழுவிப் புது ஸ்ட்ரெய்னர் போட்டோம். பழைய பம்ப் அப்படியே இருக்கிறது, முள்ளும் இப்போது அசைவதில்லை. ஸ்ட்ரெய்னர் விலை பம்ப் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

பழைய எம்பிஎஃப்ஐ வண்டி வைத்திருக்கிறவர்களே, யார் என்ன சொன்னாலும் கேஜ் போடாமல் பம்பை மாற்ற விடாதீர்கள். டேங்கில் பெட்ரோல் கால்வாசிக்குக் கீழே இறங்கவும் விடாதீர்கள். பம்பைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான்.