ஈரத்துக்கு இடங்கொடாத நுண்துளைகள்

ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கும் திண்மங்களுள், கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஷிமிசு குழுவினர் உருவாக்கிய கால்ஃப்-20 தனித்துப் போற்றத்தக்கது. துத்தநாக அயனிகளை ட்ரையசோலேட், ஆக்சலேட் ஆகிய எளிய கரிம அலகுகள் பிணைத்து எழுப்பும் இச்சட்டகத்தின் நுண்துளைகளில், வாயு மூலக்கூறுகள் வேதிவினை எதுவும் புரியாமல் சுவரோடு ஒட்டி நிற்கின்றன. இதுவே இயற்பியல் பரப்புக் கவர்ச்சி எனப்படும். வெகுகாலமாகப் பயன்பட்டுவரும் 13எக்ஸ் சியோலைட்டு உலர்ந்த வாயுவில் சிறந்து விளங்கினும், புகையில் தவறாது கலந்திருக்கும் நீராவியை முந்திப் பற்றிக்கொண்டு, கரியமில வாயுவுக்கு இடமில்லாமல் செய்துவிடும். கால்ஃப்-20, ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 40 விழுக்காட்டை எட்டும்வரை கரியமில வாயுவையே தேர்ந்து பிடிப்பதும், பிடித்ததைச் சூடான நீராவி பாய்ச்சியதும் எளிதில் விட்டுவிடுவதும் அதன் பேரழகு. நீராவி, ஈரமான அமில வாயுக்கள், இயற்கை எரிவாயுப் புகை ஆகியவற்றை அது குலையாமல் தாங்கியதை 2021-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வுக் கட்டுரை பதிவு செய்துள்ளது.