தோற்ற பேச்சுகளும் வென்ற கதையும்

கிரேக்க நாவன்மை என்றதும் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் டெமொஸ்தெனிஸிலிருந்தே நாம் தொடங்குகிறோம். பேச்சுப் போட்டிக்கு மாணவரைப் பயிற்றும் ஆசிரியன் என்ற வகையில் நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஆனால், அவருக்கு நூற்றாண்டுகள் முந்திய ஹோமரின் ‘இலியட்’ காவியத்திலேயே தேர்ந்த பேச்சாளர் மூவர் உளர். மூவரும் வந்த காரியத்தில் தோற்கின்றனர் என்பதே விசேடம்.

24 காண்டங்களில் 9ஆவது அது. தனக்குரிய பிரிசேயிஸ் என்ற பெண்ணை அரசன் அகமெம்னோன் பறித்துக்கொண்டதால் அக்கிலீஸ் போரைத் துறந்திருக்கிறான். ட்ரோய் படையின் கை ஓங்குகிறது. அவனை அழைத்துவர ஒடிசியஸ், பீனிக்ஸ், அஜாக்ஸ் செல்கின்றனர்.

ஒடிசியஸ் கெட்டிக்காரன். 7 நகரங்கள், 12 குதிரைகள் என அரசன் தரும் பரிசுகளை ஒன்றுவிடாமல் அடுக்குகிறான். அக்கிலீஸ் தனக்குப் பணியவேண்டும் என்று அரசன் இறுதியில் கூறியதை மட்டும் விட்டுவிடுகிறான். சொல்லாமல் விட்டது அக்கிலீஸுக்குக் கேட்டுவிட்டது போலும். மனத்தில் ஒன்றும் வாயில் ஒன்றுமாய் இருப்பவனை வெறுப்பதாகவே பதிலைத் தொடங்குகிறான். நாளையே ஊர்திரும்புவேன் என்கிறான்.

அவனை வளர்த்த முதியவர் பீனிக்ஸ், மெலேயகர் புராணத்தைச் சொல்கிறார். தாய்மீது சினந்து போரை விட்ட மெலேயகரிடம் ஊர் முதியோர், தந்தை, சகோதரிகள், தாய், தோழர் யாவரும் மன்றாடுகின்றனர். அவன் அசையவில்லை. இறுதியில் மனைவி கிளியோபாத்ரா அழுது, வீழ்ந்த நகரத்து மக்களுக்கு நேர்வதைச் சொன்ன பிறகே எழுகிறான். ஊர் பிழைக்கிறது, பிந்தியதால் பரிசு கிடைக்கவில்லை. பரிசு உள்ளபோதே வா என்பதே பீனிக்ஸ் காட்டும் படிப்பினை.

கதையோ அவரைவிட அதிகம் அறிந்திருக்கிறது. கிளியோபாத்ரா, பாத்ரோக்ளஸ் ஆகிய பெயர்கள் ‘புகழ்’, ‘தந்தை’ என்னும் இரு கிரேக்கச் சொற்களின் முன்பின் மாற்றமே என ஆய்வாளர் சுட்டியுள்ளனர். 16ஆம் காண்டத்தில் அழுதுவந்து அக்கிலீஸை இளக்குபவன் அவன் நண்பன் பாத்ரோக்ளஸ்தான். அன்றே போரில் மாள்கிறான். 19ஆம் காண்டத்தில் பரிசுகள் யாவும் வருகின்றன. அக்கிலீஸுக்கு அவை பொருட்டில்லை. பீனிக்ஸ் எச்சரித்தது பரிசின் இழப்பை. நேர்ந்தது நண்பனின் இழப்பு.

அஜாக்ஸ் கதை எதுவும் சொல்லவில்லை. தோழரின் அன்பை மதிக்கவில்லையே என்று சுருக்கமாகக் கடிந்துகொள்கிறான். அக்கிலீஸ் இறங்கிவருவது இங்குதான். பீனிக்ஸிடம், போவதா இருப்பதா என நாளை யோசிப்போம் என்றவன், அஜாக்ஸிடம் போவது பற்றியே பேசவில்லை. ஹெக்டர் தன் கப்பல்களை நெருங்கும்வரை போரிடேன் என்கிறான். ஒவ்வொரு பேச்சும் அவனைச் சிறிது அசைத்தே இருக்கிறது.

ஆனால், திரும்பிச்சென்ற ஒடிசியஸ் அரசனிடம் அறிவிப்பது முதற் பதிலை மட்டுமே. தன் பேச்சுக்குக் கிடைத்த பதிலுக்கு அப்பால் அந்த நாவலன் எதையும் கேட்கவில்லை என்றே நான் வாசிக்கிறேன். குரலுக்கும் அபிநயத்துக்கும் புள்ளியிடும் நாம், கேட்கும் செவிக்கு எத்தனை புள்ளி வைத்திருக்கிறோம்?