ஆயிரம் டாலர் காற்சட்டையும் அதன் அட்டையும்

சென்ற நவம்பரில் என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில் வேலை பார்ப்பவர். உடன் வேலை செய்வோர் அவரை வாத்து வேட்டைக்கு அழைக்கிறார்களாம். “சார், இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்காக நிற்க வேண்டுமாம். அதற்கான காற்சட்டை 150 டாலரிலும் இருக்கிறது, 1000 டாலரிலும் இருக்கிறது. கூட வருகிறவர்கள் எல்லாரும் ஆயிரம் டாலர்தான். அதன் அட்டையில் நிறைய பிசிக்ஸ் எழுதியிருக்கிறது. படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று எழுதி, அட்டையின் படத்தையும் இணைத்திருந்தார். ஊரில் அவர் கட்டிக்கொண்டிருக்கும் வீடு இன்னும் பூச்சு வேலை முடியாமல் நிற்கிறது. அவருக்கு நீச்சலும் தெரியாது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்த அட்டையைப் படித்தேன்.

வாசகரே, நம் நாட்டில் வாத்து வேட்டைக்கு இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் அதைத் தடுத்துவிட்டன. ஆனால் அமெரிக்காவில் அது பருவமும் கணக்கும் வகுத்து அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு. மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய வலசைப் பாதையில் அண்மை ஆண்டுகளில் பருவம் 60 நாள். ஒருவர் ஒரு நாளில் 6 வாத்துக்கு மேல் சுடக்கூடாது. அந்நாட்டில் நெல் அதிகமாக விளைவது ஆர்கன்சாவில்தான். அறுவடை முடிந்து நீர் நிறுத்திய வயல்களிலும், வெள்ளம் தேங்கிய ஓக் மரக்காடுகளிலும் குளிர்காலத்தில் வாத்துகள் வந்து இறங்குகின்றன. வேட்டைக்காரர் விடியுமுன் அங்கே போய்த் தண்ணீரில் அசையாமல் நிற்க வேண்டும். நீரின் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் இருந்தால் அன்று நல்ல நாள்.

அதற்குத்தான் இந்த ஆடை. மார்பு வரை ஏறும் நீர்புகாக் காற்சட்டை. அடியில் பூட்ஸ் சேர்ந்தே இருக்கும். ஆங்கிலத்தில் ‘வேடர்ஸ்’ என்பார்கள். நம் வேடனுக்கும் இதற்கும் உறவில்லை. தண்ணீரில் இறங்கி நடப்பது என்ற பொருளில் வந்த சொல் அது. நாம் நீர்க் காற்சட்டை என்றே சொல்லிக்கொள்வோம்.

இதில் இரண்டு சாதிகள் உண்டு. விலை குறைந்தது பெரும்பாலும் நியோப்ரீன். 1930-இல் டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் பிறந்த செயற்கை ரப்பரை நுரையாக்கிச் செய்த தடித்த தகடு அது. விலை உயர்ந்தது மெல்லிய துணி. நடுவே நுண்துளைகள் நிறைந்த ஒரு படலம் ஒட்டியிருக்கும். டெஃப்லானை வெடுக்கென்று இழுத்தால் அது துளைகள் மலிந்த படலமாக விரியும் என்று 1969-இல் பாப் கோர் கண்டதிலிருந்து வந்த தொழில்நுட்பம் இது. நீர்த்துளி நுழையாது, நீராவி வெளியேறும். ஆகவே ‘சுவாசிக்கும்’ துணி என்று பெயர்.

இனி அட்டைக்கு வருவோம். முதலில் பெரிய எழுத்தில் ‘20,000 மி.மீ.’ துணியின் மேல் 20 மீட்டர் உயரத்துக்கு நீர் நிறுத்தினாலும் கசியாதாம். நம் வேட்டைக்காரர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறார்? மார்பளவு என்றாலும் 1.2 மீட்டர், அதாவது 1,200 மி.மீ. இருபதினாயிரம் எதற்கு என்று சிரித்துவிட்டு நகரலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 80 கிலோ எடையுள்ளவர் கரையில் முழங்காலிடுகிறார். இரண்டு முழங்காலும் சேர்ந்து தரையில் படும் பரப்பு 100 சதுர செ.மீ. என்க. அழுத்தம் சுமார் 78 கிலோபாஸ்கல். இது 8 மீட்டர் நீருக்குச் சமம்! ஆகவே 10,000 என்பது வீண் எண் அன்று. ஆனால் அதற்கு மேற்பட்ட பத்தாயிரம் நம் மாணவருக்கு என்ன தரும்? துணி தேயத் தேயக் கொஞ்சம் கையிருப்பு, அவ்வளவே. இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. நீர்க் காற்சட்டை ஒழுகுவது துணியின் நடுவில் அன்று. தொடைகள் உராயும் இடத்துத் தையலில் ஒழுகும். பூட்ஸும் துணியும் சேரும் மூட்டில் ஒழுகும். முள்ளும் முள்வேலியும் குத்திய இடத்தில் ஒழுகும். அட்டையிலுள்ள எண் இவற்றில் எதைப் பற்றியும் பேசவில்லை.

அடுத்தது சுவாசம். ‘நாள் ஒன்றுக்குச் சதுர மீட்டருக்கு 20,000 கிராம்’ என்கிறது அட்டை. மணிக்குச் சுமார் 830 கிராம். கடுமையாக நடப்பவரின் வியர்வை மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை இருக்கும். எனவே ஏட்டளவில் போதும். ஆனால் இந்த எண்ணை அளக்கும் முறை ஒன்றல்ல. ஒரு சோதனையில் துணிக்கு அப்பால் ஈரத்தை உறிஞ்சும் உப்பு இருக்கும். மற்றொன்றில் வெறும் காற்றுதான் இருக்கும். ஒரே துணிக்கு இரண்டும் வெவ்வேறு எண்களைத் தரும். எந்த முறை என்று சொல்லாத எண்ணை மற்றோர் அட்டையின் எண்ணோடு ஒப்பிடுவது, கிலோவையும் படியையும் ஒப்பிடுவது போன்றது.

அதையும் ஏற்றுக்கொள்வோம். நீராவியை வெளியே தள்ளுவது எது? ஆவியழுத்த வேறுபாடு. 30 டிகிரியில் ஈரத் தோலருகே அது சுமார் 4.2 கிலோபாஸ்கல்; வெளியே 5 டிகிரிக் காற்றில் 0.9-க்கு மேல் போகாது. ஆகவே நீர்மட்டத்துக்கு மேலே துணி தன் வேலையைச் செய்யும். நீருக்குள் இருக்கும் பகுதியில் கதை வேறு. துணி மெல்லியது; வெளியே 5 டிகிரி நீர் என்றால் துணியின் உட்புறமும் ஏறக்குறைய 5 டிகிரிதான். ஐஸ் நீர் ஊற்றிய தம்ளர் வெளிப்புறம் வியர்ப்பது போல, இந்தக் காற்சட்டை உட்புறம் வியர்க்கும். மாணவர் தொடை வரை நீரில் நிற்கும்போது, அவர் பணம் கொடுத்து வாங்கிய சுவாசத்தில் பாதி மூழ்கிக் கிடக்கிறது.

ஆனாலும் இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். வண்டியை நிறுத்திவிட்டுச் சுமையோடு ஒரு மைல் சேற்றில் நடப்பவர் நியோப்ரீனுக்குள் நனைந்துபோவார். அந்த ஈரம் உள்ளாடையில் தங்கி, பிறகு நிற்கும்போது குளிரும். 200 கிராம் வியர்வை உலர 480 கிலோஜூல் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் உலர்ந்தால், உடலிலிருந்து சராசரி 67 வாட் போய்விடும். அமைதியாக அமர்ந்திருக்கும் மனிதன் உண்டாக்கும் வெப்பமே சுமார் 100 வாட்தான் என்பதை நினைவில் கொள்க. நெடுந்தூரம் நடப்பவருக்கு மெல்லிய துணி உண்மையாகவே மேல்.

நிற்பவருக்கு? அட்டை முற்றிலும் மௌனம் சாதிக்கும் இடம் இது. வெப்பத்தைத் தடுப்பது நகராத காற்று. 5 மி.மீ. நியோப்ரீன் நுரையில் காற்றுக்குமிழிகள் அடைபட்டிருக்கின்றன. அதன் கடத்துதிறன் சுமார் 0.05 என்றால், 25 டிகிரி வேறுபாட்டில் சதுர மீட்டருக்கு 250 வாட் கசியும். இது அதிகம்தான், உள்ளே கம்பளி கட்டாயம் வேண்டும். மெல்லிய துணியோ அரை மி.மீ. தடிப்பு; அதன் தடையைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். முழுப் பொறுப்பும் உள்ளாடையின் மேல் விழுகிறது. அரை மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர செ.மீ. மேலும் 50 கிராம் எடை வைத்தது போல நீர் அழுத்துகிறது. மெல்லிய துணி காலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளிக்குள் இருந்த காற்று பிதுங்கி மார்புப் பக்கம் ஏறிவிடும். நியோப்ரீனின் குமிழிகளுக்கு வெளியேற வழியில்லை. பாயில் விதிப்படி அதே ஆழத்தில் அவை சுமார் 5 விழுக்காடு சுருங்கும், அவ்வளவே. அசையாமல் நிற்கும் ஒருவருக்கு மலிவுப் பொருளே இங்கு ஒரு படி மேல்.

அப்படியானால் கூடுதல் 850 டாலர் எதற்கு? அட்டையின் பின்புறம், பொடி எழுத்தில் இருக்கிறது விடை. உட்தொடையில் தையலே வராதபடி வெட்டிய வடிவம், முழங்காலில் இரட்டைத் துணி, நீர்புகா ஜிப்பு, பழுதானால் தயாரிப்பாளரே சரிசெய்து தரும் ஏற்பாடு. நியாயமான விலை இவற்றுக்குத்தான். முன்பக்கம் கூவுவது எண்ணை. பொருளின் தரமோ பின்பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. விளம்பரம் எழுதியவருக்குத் தம் பொருளின் நல்ல குணமே தெரியவில்லையோ என்று எனக்குத் தோன்றியது.

இந்த உழைப்பு யாருக்குப் பயன்படும்? ஒரு பேச்சுக்கு, மலிவானது 40 நாளும் உயர்ந்தது 200 நாளும் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு முன்னது 3 டாலர் 75 சென்ட், பின்னது 5 டாலர். பருவம் முழுதும் 60 நாளும் தண்ணீரில் நிற்கும் வழிகாட்டிக்கு இந்த வேறுபாடு பெரிதன்று. மலிவானது ஜனவரி விடியலில் ஒழுகத் தொடங்கினால் அவர் பிழைப்பு கெடும். அவர் ஆயிரம் கொடுப்பது சரி. நம் மாணவரோ ஆண்டுக்கு ஐந்து நாள் போவார். 200 நாளைத் தீர்க்க அவருக்கு 40 ஆண்டு ஆகும்! பசையும் தையல்மேல் ஒட்டிய நாடாவும் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் மூப்படையும். 40 ஆண்டு எந்தக் காற்சட்டையும் காத்திருக்காது.

போகிறபோக்கில் ஒன்று. அந்தப் படலங்களிலும் நீர்விலக்கும் பூச்சிலும் இயற்கையில் எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்கள் பல காலமாக இருந்துவந்தன. கலிபோர்னியா 2025 ஜனவரி முதல் ஆடைகளில் அவற்றைத் தடுத்துள்ளது. கடும் ஈரச் சூழலுக்கான ஆடைகளுக்கு மட்டும் 2028 வரை விலக்கு. 2022-இலிருந்து பாலிஎத்திலீன் படலமும் வந்திருக்கிறது. வாங்குபவர் எது என்று கேட்டு வாங்கலாம்.

அட்டையில் ஒரு சொல்லும் இல்லாத செய்தி, விழுந்தால் என்ன ஆகும் என்பது. காற்சட்டைக்குள் நீர் புகுந்தால் அது கல்லைப் போல இழுத்துச் செல்லும் என்று பலரும் நம்புகிறார்கள். நீருக்குள் நீருக்கு எடையில்லை, ஆர்க்கிமிடிஸைக் கேளுங்கள். ஆனால் கை கால் வீசுவது கடினம். கரையேறும்போது ஒவ்வொரு காலிலும் பத்துப் பன்னிரண்டு கிலோ நீரைத் தூக்க வேண்டும். அதற்கும் முன்னால் வருவது குளிர் அதிர்ச்சி. கனடாவில் இதை ஆராய்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கு: மூச்சுத் திணறலை அடக்க 1 நிமிடம், கை கால் பயன்படும்படி இருப்பது 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி. நீச்சல் தெரியாதவருக்கு அந்த முதல் நிமிடமே எல்லாம். அதில் ஆயிரம் டாலரும் 150 டாலரும் ஏறக்குறைய ஒன்றுதான். உதவுவன இரண்டு: வயிற்றில் இறுகக் கட்டும் ஒரு வார், நீர் விரைந்து உள்ளே புகாமலிருக்க, மேலே ஒரு மிதவைச் சட்டை.

“தம்பி, நியோப்ரீனை வாங்குங்கள். வாரும் மிதவைச் சட்டையும் வாங்காமல் தண்ணீரில் இறங்காதீர்கள். மீதியை வீட்டுப் பூச்சுக்கு அனுப்புங்கள்” என்று எழுதினேன். அப்படியே செய்தார். ஜனவரியில் மறுபடி மின்னஞ்சல்: எல்லாம் சரி, ஆனால் கால்விரல்கள் மட்டும் மரத்துப்போய்விட்டன, பொருள் மட்டமோ என்று சந்தேகம். எத்தனை காலுறை போட்டீர்கள் என்று கேட்டேன். மூன்று, பூட்ஸுக்குள் கால் நுழையவே கஷ்டப்பட்டதாம். இறுக்கிய கம்பளியில் காற்று ஏது? அடுத்த முறை ஒரே ஒரு தடித்த காலுறையோடு போகச் சொல்லியிருக்கிறேன்.