பழைய விசைத்தறியின் ஒரு சுற்று
சேலம் மாவட்டத்து இளம்பிள்ளையிலும், காவிரிக்கரையின் பள்ளிபாளையம், குமாரபாளையம் ஊர்களிலும் கைமாறும் பழைய நாடாத்தறி சீர்செய்யத் தக்கதா என்பதை, அதன் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தே ஓரளவு கணித்துவிடலாம். அந்த ஒரே சுற்றில், நீளவாட்டு இழைகளான பாவு இரண்டாகப் பிரிந்து வழிவிட, ஊடை நூலைச் சுமக்கும் நாடாவை எறியும் கட்டை அசைய, சீப்பைப் போன்ற அச்சு முன்வந்து ஊடையை நெருக்க, துணி இழையளவு உருளையில் ஏறுகிறது. இவ்வளவும் ஒன்றையொன்று முந்தாமல் நிகழ்வதே இப்பொறியின் பேரழகு.

வார்ப்பிரும்புச் சட்டம் விரிசலின்றியும் கிராங்க் தண்டு கோணாமலும் இருந்தால், தண்டுகளைத் தாங்கும் தேய்ந்த புஷ்களையும் நாடாவை உந்தும் பிக்கரையும் மாற்றி அதை ஓடவைப்பது நிச்சயம் தகும், ஏனெனில் அவை தேய்வதற்கென்றே அமைந்த உறுப்புகள். அருமையான வேலை அதன் பிறகே தொடங்குகிறது: எறிவிசை மிகுந்தால் நாடா தான் தங்கும் பெட்டியில் மோதித் திரும்பி ஊடை தொய்யும், குறைந்தால் பாவின் நடுவே சிக்கி இழைகளை அறுக்கும் என்பதால், தேர்ந்த மிஸ்திரி எறியும் கட்டையை இழுக்கும் வாரை ஒரு நூலளவு இறுக்கி, தறியை ஓட்டி, கூர்ந்து கேட்டு, மீண்டும் தளர்த்துகிறார்; எண்ணெய் பளபளக்கும் மரப்பெட்டிக்குள் நாடா அதிராமல் அடங்கும் அந்தத் திடமான ஓசை வரும்வரை அவர் கை ஓய்வதில்லை. சட்டமே பிளந்த தறியை மட்டும் எடைக்குப் போட்டுவிடலாம்.