இரண்டு கட்டத்தை விட்டுக்கொடுக்கிற கை

கட்டம் பிடிக்கிற விளையாட்டில் நான் மிகவும் ரசிக்கிற கோடு, ஒரு கட்டத்தையும் மூடாத கோடு. எதிரே இருப்பவர் வேறு வழியில்லாமல், ஒன்றை மூடினால் அடுத்ததும் மூடக் கிடைக்கிற ஒரு கட்ட வரிசையைத் திறந்துவிட்டார். அள்ள அள்ள வருகிறது. இன்னும் இரண்டு கட்டம்தான் பாக்கி, அவற்றையும் மூடிவிடலாம். அந்த இடத்தில் கையை நிறுத்தி, இரண்டையும் தொடாமல், வரிசையின் மறுகோடியில் ஒரு கோட்டைப் போட்டுவிட்டு முறையை அவரிடம் கொடுப்பது. பக்கத்தில் இருந்து பார்க்கிறவருக்கு இது ஏமாளித்தனமாகத் தெரியும். ஆட்டத்தை வெல்கிற கோடு அதுதான்.

விளையாட்டை விளக்கத் தேவையில்லை. புத்தளம் பக்கம் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரிந்தது. கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில் வரிசை வரிசையாகப் புள்ளி வைத்து, ஆளுக்கொரு கோடாகப் பக்கத்துப் புள்ளிகளை இணைத்துக்கொண்டே போக வேண்டும். நாலாவது பக்கத்தைப் போடுபவருக்குக் கட்டம். உள்ளே அவர் பெயரின் முதலெழுத்து. கட்டம் பிடித்தவர் இன்னொரு கோடும் போட்டாக வேண்டும். எங்கள் ஊர்களில் ஒரே வாங்கில் இருக்கிற இரண்டு பேருக்கும் முதலெழுத்து ‘மு’வாக இருப்பது சாதாரணம் என்பதால், ஒருவர் எழுத்தையும் மற்றவர் வட்டத்தையும் போட்டுக்கொள்வது வழக்கம். நடுவில் கிடக்கிற ஒரு கோடு இரண்டு கட்டங்களுக்குச் சொந்தம் என்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். பாலாவிப் பக்கத்து உப்பளங்களில் ஒரு வரம்பைக் கட்டினால் இந்தப் பாத்திக்கும் அந்தப் பாத்திக்கும் சேர்த்துக் கட்டியதாகிவிடுவது போல, நமக்காகப் போடுகிற கோடு அடுத்த கட்டத்தில் எதிராளிக்கும் வேலை செய்துவிடுகிறது.

கொப்பியில் இருந்த ஆட்டம் கைப்பேசிக்கு வந்ததற்கு நம் நாட்டில் இரண்டு காரணங்கள் உண்டு. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, பாடம் கேட்பதற்கென்று பிள்ளைகளின் கையில் போன் வந்தது. 2022இல் காகிதமே கிடைக்காமல் போனது. அந்த ஆண்டு மார்ச்சில் கடதாசி இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். கொப்பியின் விலை ஏறிய வேகத்தில், கடைசித் தாளைக் கிழித்து விளையாடுகிற பிள்ளையை எந்த உம்மாவும் சும்மா விடவில்லை. போனில் ஆயிரம் ஆட்டம் ஆடினாலும் ஒரு தாள் செலவில்லை. அந்த மாதக் கடைசியில் 13 மணி நேரம் வரைக்கும் மின்சாரம் நின்றது வேறு கதை. நுரைச்சோலை அனல்மின் நிலையம் இருக்கிற மாவட்டத்திலேயே இருட்டில் இருந்தோம். இருக்கிற சார்ஜைப் பார்த்துப் பார்த்துத்தான் விளையாட வேண்டியிருந்தது.

இந்த ஆட்டத்தின் ஊர் பிரான்ஸ். 1889இல் எடுவார் லூக்கா என்ற கணித அறிஞர் இதை எழுதி அச்சில் கொண்டுவந்தார். ஹனோய் கோபுரம் என்று வட்டுகளைத் தூணுக்குத் தூண் மாற்றுகிற புதிரை 1883இல் கொடுத்தவரும் அவர்தான். பாரிஸின் எக்கோல் பாலிடெக்னிக் மாணவர்கள் மத்தியில் பிறந்த ஆட்டம் இது என்று சொல்லி, ‘லா பிப்போபிப்பெத்’ என்ற பெயரில் வெளியிட்டார். அதற்குப் பிறகு நெடுங்காலம் இதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்றுதான் உலகம் ஒதுக்கி வைத்திருந்தது. அந்த எண்ணத்தை மாற்றியவர் எல்வின் பெர்லகாம்ப். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர். தகவலைப் பிழையில்லாமல் அனுப்பும் குறியீட்டு முறைகளில் பெரிய பெயர். ஜான் கான்வே, ரிச்சர்ட் கை என்ற கணித அறிஞர்கள் இருவரோடும் சேர்ந்து 1982இல் எழுதிய பெரிய நூலில் இதற்கு இடம் கொடுத்தார். 2000இல் இதற்கென்றே தனிப் புத்தகம் போட்டார். 2019இல் காலமானார். ஒரு கொப்பி விளையாட்டை இவ்வளவு மரியாதையோடு பார்த்த இன்னொருவரை எனக்குத் தெரியாது.

அவர் காட்டிய வித்தையை ஒன்பது கட்டத்திலேயே பார்த்துவிடலாம். பதினாறு புள்ளி, மூன்றுக்கு மூன்று கட்டம். ஆட்டம் முற்றிவிட்டது. மூன்று கட்டம் கொண்ட ஒரு வரிசையும் ஆறு கட்டம் கொண்ட ஒரு வரிசையும் மட்டும் மிச்சம். எதிராளியின் முறை. எங்கே கோடு போட்டாலும் ஒரு வரிசை திறந்துவிடும் என்பதால் அவர் சின்னதைத் திறக்கிறார். ஆசைப்பட்டு மூன்றையும் எடுத்தால் அடுத்த கோடும் நீங்களே போட வேண்டும். ஆறு கட்ட வரிசையை உங்கள் கையாலேயே திறந்து கொடுப்பீர்கள். மூன்றுக்கு ஆறு என்று தோல்வி. ஒரு கட்டத்தை மட்டும் எடுத்து, நடுக்கோட்டை அப்படியே விட்டு, கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டால்? ஒரே கோட்டில் இரண்டு கட்டம் அவருக்குக் கிடைக்கும். கிடைத்த கையோடு அவர் இன்னொரு கோடு போட வேண்டும், மிச்சம் இருப்பதோ பெரிய வரிசை மட்டும். ஆறும் உங்களுக்கு. ஏழுக்கு இரண்டு. அவர் கோபத்தில் அந்த இரண்டையும் எடுக்காமல் விட்டாலும் பெரிய வரிசையைத் திறப்பதைத் தவிர அவருக்கு வழி கிடையாது.

கற்பிட்டிக் கரையில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கடலுக்குப் போகிறவர்கள் குறைவு. வெள்ளைக்காரர்கள் அந்தக் காற்றைத் தேடிப் பட்டம் கட்டிய பலகையோடு களப்புக்கு வருவார்கள், நம் ஆட்கள் படகைக் கரையேற்றிவிட்டு வலை பொத்துவார்கள். அப்படி ஒரு மத்தியானம், வாடி நிழலில் ஒரே போனை நடுவில் வைத்து ஒரு இளந்தாரியும் அவன் தங்கச்சியும் ஆடியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் புலமைப்பரிசில் வகுப்புப் பிள்ளை. அவன் திறந்த வரிசையில் இரண்டு கட்டத்தை நீலமாக்கினாள். விரல் மூன்றாவதை நோக்கிப் போய் நின்றது. உதடு அசைய எதையோ எண்ணினாள். பிறகு முனைக்கோட்டைத் தொட்டுவிட்டுப் போனை அவன் பக்கம் திருப்பினாள்.

“எடுங்க நானா, ஒங்களுக்குத்தான்.”

“ரெண்டையும் சும்மா தாறியா?”

“எடுங்களேன்.”

அவன் எடுத்தான். எடுத்த பிறகுதான் திரையைச் சரியாகப் பார்த்தான். கடைசி எட்டுக் கட்டமும் நீலம். அவளுக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. போனுக்கு எதிராக ஆடி, அது தனக்குச் செய்ததைத் தானே பிடித்துக்கொண்டாள்.

ஒரு செயலி நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கிற சோதனையும் இதுதான். கம்பியூட்டரோடு ஆடுகிற ஆட்டத்தைத் திறந்து, கடைசியில், இன்னொரு பெரிய வரிசை மிச்சம் இருக்கும்போதே, வேண்டுமென்றே மூன்று கட்டத்துக்குக் குறையாத ஒரு வரிசையைத் திறந்துவிட்டுப் பார்க்க வேண்டும். எல்லாக் கட்டத்தையும் ஒரே மூச்சில் விழுங்கினால் அந்தச் செயலியை எழுதியவருக்கு இந்த ஆட்டம் தெரியாது என்று அர்த்தம். எவ்வளவு அழகான நிறம் பூசியிருந்தாலும் அழித்துவிடலாம். இரண்டை விட்டுவைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஆடினால் நாளுக்கு நாள் கை தேறும். செயலிக் கடைகளில் கொட்டிக்கிடக்கிறவற்றில் பெரும்பாலானவை முதல் ரகம்தான். பிள்ளைகள் அவற்றை நாலு முறை வென்றுவிட்டு ஆட்டத்தையே எளிது என்று நினைத்துவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஜே. பி. கிராஸ்மன் எழுதிய ‘டாபிள்’ என்ற கம்பியூட்டர் நிரல் இரண்டாவது ரகத்தில் முதலிடம் பெறத் தக்கது. மனிதரோடு மனிதர் நிதானமாக ஆட வேண்டும் என்றால் ‘லிட்டில் கோலெம்’ தளம் இருக்கிறது. ஒரு கோடு போட்டுவிட்டு நாளைக்கு வந்து பதிலைப் பார்க்கலாம்.

திரையில் எனக்குப் பிடித்த இன்னொரு சங்கதி, கடைசியாகப் போட்ட கோடு வேறு நிறத்தில் மினுங்குவது. இருபத்தைந்து கட்டப் பலகையில் அறுபது கோடு உண்டு. காகிதத்தில் பாதி ஆட்டம் போன பிறகு எதிராளி இப்போது எதைப் போட்டார் என்றே தெரியாது, அதில்தான் சண்டை வரும். போனில் அந்தச் சண்டை இல்லை. பிடிக்காததும் உண்டு. சின்னத் திரையில் விரல் பக்கத்துக் கோட்டைத் தொட்டுவிடும், ஒரு தவறான கோடு ஒரு வரிசையையே கொடுத்துவிடும். முதல் தொடுதலில் மங்கலாகக் காட்டி இரண்டாவது தொடுதலில் கோட்டைப் பதிக்கிற செயலிகள் இதைச் சரியாகக் கையாளுகின்றன. போட்டதைத் திரும்ப எடுக்கிற பொத்தானை மட்டும் மூடிவைக்கச் சொல்வேன். அது இருக்கும்வரை கோடு போடுவதற்கு முன்னால் யாரும் எண்ணுவதில்லை.

புதிய வகைகளுக்கு வருகிறேன். டிஜிட்டல் வடிவத்தின் உண்மையான லாபம் இங்கேதான். காகிதத்தில் முக்கோணப் புள்ளிகளை ஒழுங்காக வைக்க அடிமட்டமும் பொறுமையும் வேண்டும், திரையில் ஒரு தொடுதல் போதும். ஆனால் எல்லா வகையும் ஒரே தரம் அல்ல. ஒரு கட்டத்தில் இரண்டு பக்கம் மட்டும் திறந்திருந்தால்தான் அது வரிசையில் சேரும். முக்கோணக் கட்டத்துக்கு மூன்றே பக்கம். ஒரு கோடு விழுந்தவுடனேயே வரிசை உருவாகிவிடுகிறது, ஆட்டம் பொறி பறக்கத் தொடங்கிச் சட்டென்று முடிகிறது. பஸ்ஸில் பாலாவிச் சந்தியில் இறங்குவதற்கு முன் ஒன்று ஆடிவிடலாம். அறுகோணத்தில் நாலு கோடு விழுந்த பிறகுதான் வரிசை. நடு ஆட்டம் இழுத்துக்கொண்டே போகும், பொறுமைசாலிகளுக்கு அதில் ஒரு சுகம். சதுரம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எக்கோல் பாலிடெக்னிக் மாணவர்கள் கொப்பியின் கட்டத்தைப் பார்த்துத்தான் சதுரத்தை எடுத்திருப்பார்கள் என்றாலும், சரியான இடத்தில் போய் நின்றிருக்கிறார்கள்.

சதுரத்துக்குள்ளேயே வெளிக்கோட்டை மாற்றுகிற வகைகள் இருக்கின்றன. பெர்லகாம்ப் அவற்றுக்கு நாட்டுப் பெயர்கள் வைத்துப் பேசுகிறார். வெறும் புள்ளிகளோடு தொடங்கினால் அமெரிக்கப் பலகை. சுற்றிவரக் கோடு போட்டு வைத்துத் தொடங்கினால் சுவீடன் பலகை. இரண்டு பக்கம் மட்டும் போட்டிருந்தால் ஐஸ்லாந்துப் பலகை. ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் சுவீடன் முறையில் ஆடினால் இருபது கோடு முன்பே போட்டாகிவிட்டது, நாற்பதுதான் மிச்சம். ஓரத்தில் அர்த்தமில்லாமல் ஆளுக்கொரு கோடு கீறிக்கொண்டிருக்கிற ஆரம்பச் சடங்கு போய்விடுகிறது. மூலைக் கட்டங்கள் தொடக்கத்திலேயே இரண்டு பக்கம் மூடி நிற்பதால் முதல் கோட்டிலிருந்தே யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால் எல்லா வகையிலும் இதுதான் சிறந்தது. வெறும் பலகையை விட இதில் ஆட்டம் நீளுகிறது என்பதல்ல, ஒவ்வொரு கோட்டுக்கும் கனம் கூடுகிறது.

‘நூலும் காசும்’ என்று ஒரு வகை. கட்டத்தின் இடத்தில் ஒரு காசு, பக்கத்தின் இடத்தில் ஒரு நூல். கோடு போடுவதற்குப் பதிலாக நூலை அறுக்க வேண்டும், கடைசி நூல் அறுந்த காசு அறுத்தவருக்கு. அடிப்படையில் பழைய ஆட்டமேதான். ஆனால் காசை எங்கே வேண்டுமானாலும் வைத்து, எத்தனை நூலை வேண்டுமானாலும் கட்டலாம். காகிதத்தில் அறுத்த நூலை அழிறப்பரால் அழிக்க முடியாமல் தாள் கிழியும், திரைக்கென்றே பிறந்தது போல இருக்கிறது இது. ரஷ்யாவிலும் போலந்திலும் கட்டக் கொப்பியில் ஆடுகிற புள்ளி ஆட்டம் வேறு குடும்பம். கோடுகள் சந்திக்கிற இடத்தில் ஆளுக்கொரு நிறப் புள்ளி வைத்து, எதிராளியின் புள்ளிகளைச் சுற்றி வளைத்துச் சிறைபிடிப்பது. ஒரு முழுத் தாளை விழுங்கும். அதையும் இணையத்தில் ஆடலாம், கோ விளையாட்டின் ருசி தெரிந்தவர்கள் விடமாட்டார்கள். வெடிகுண்டுக் கட்டம், இரட்டைப் புள்ளிக் கட்டம், அதிர்ஷ்டச் சக்கரம் என்று சில செயலிகள் சேர்க்கிற அலங்காரங்கள் எனக்கு ஒவ்வாது. எண்ணி விளையாடுகிற ஆட்டத்தில் சீட்டுக் குலுக்கினால் எண்ணியவருக்குச் செய்கிற அநியாயம் அது.

கம்பியூட்டர் இந்த ஆட்டத்தைத் தின்று முடித்துவிட்டதா என்று கேட்பவர்களுக்கு: நாலுக்கு ஐந்து கட்டப் பலகையில் இரண்டு பேரும் பிழையில்லாமல் ஆடினால் சமநிலை என்று பார்க்கர், கோர்ஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் நிறுவினார்கள். மொத்தம் 49 கோடுகள்தான். அதற்கே எத்தனையோ தந்திரங்கள் செய்து தேடலைச் சுருக்க வேண்டியிருந்தது. பலகை பெருக்கப் பெருக்க, சரியான கோட்டைக் கண்டுபிடிக்க எந்தக் குறுக்கு வழியும் தென்படாத கடினமான கணக்குகளின் வகுப்பில் இது சேர்கிறது என்று 2021இல் இன்னொரு நிறுவலும் வந்தது. வாடி நிழலில் உட்கார்ந்து ஆடுகிற இரண்டு பேருக்கு இடம் தாராளமாகவே இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கடைசித் தாளில் புள்ளி வைத்து ஆடுகிற பிள்ளையைப் பிடித்தால் கொப்பியைப் பறிக்காமல், எத்தனை நீள வரிசை வரப்போகிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். மூன்று கட்டமோ அதற்கு மேலோ உள்ளதுதான் நீள வரிசை. முதல் நீள வரிசையை யார் திறக்க நேரும் என்பது பெரும்பாலும் அந்த எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பதில்தான் இருக்கிறது. ஒற்றை இரட்டையைப் புரியவைக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஆடப் போகிறவர்களுக்கும் அதையேதான் சொல்வேன். ஒன்பது கட்டத்தில் தொடங்குங்கள், கை பழகியதும் சுவீடன் பலகையில் இருபத்தைந்துக்குப் போங்கள். இந்த இரண்டு பலகையிலும் முதல் கோடு உங்களுடையது என்றால் நீள வரிசைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி ஆடுங்கள், இரண்டாவதாக ஆடுகிறீர்கள் என்றால் ஒற்றைப்படையாக.