ஐஸ் ஹவுஸின் வளைவு

எளாவூர்ப் பக்கம் ஏரி இறாலும் நண்டும் பெட்டிக்குள் போகும்போது மேலே ஒரு கை ஐஸ் தூள் விழுவது இன்று சாதாரணம். 1842 வாக்கில் சென்னைக்கு அது கப்பலேறி வந்த சீமைச் சரக்கு. அமெரிக்க வியாபாரி ஃபிரடெரிக் டியூடர், பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து அனுப்பினார். அதை இறக்கி வைக்கக் கட்டிய கிடங்குதான் மெரினா எதிரே நிற்கும் ஐஸ் ஹவுஸ்.

கிடங்குக்கு இவ்வளவு அழகா! கடலைப் பார்த்து வட்டமாக வளையும் முகப்பில் மூலையே கிடையாது. பார்வை எங்கும் முட்டாமல் வழுக்கிப் போகிறது. இந்தியாவிலேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரானதும் வியாபாரம் படுத்தது. பிறகு கட்டடத்தை வாங்கிய வக்கீல் பிலிகிரி அய்யங்கார் அதை வீடாக்கினார். 1897இல் விவேகானந்தர் தங்கினார்; இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனால் ஆட்டோக்காரரிடம் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றால்தான் சட்டென்று புரியும்.