ஒரு வினைச்சொல்லும் அதன் சொந்தக்காரர்களும்

ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்கும் வினைச்சொல் 'பி'. அதற்கு எட்டு வடிவம்: பி, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீன், பீயிங். பலதுக்கு ஒன்றுக்கொன்று முகஜாடையே கிடையாது. காரணம், இது ஒரே சொல் இல்லை. 'ஆம்', 'இஸ்' ஒரு பழைய வேரிலிருந்து வந்தவை. 'பி', 'பீன்' வேறொரு வேர். 'வாஸ்', 'வேர்' தங்குதல் என்று பொருள்பட்ட மூன்றாவது வேர். மூன்று குடும்பங்கள் ஒரே வீட்டில் குடியேறி ஒரே ரேஷன் கார்டில் பெயர் சேர்த்துக்கொண்ட கதை. பொருளும் அப்படித்தான் கலந்துகிடக்கிறது. உள்ளது என்பதற்கும் அதே சொல், இன்னார் இன்னது என்பதற்கும் அதே சொல், தொடர்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் துணையாக நிற்பதும் அதுவே. எந்த இடத்தில் எது சரி என்பதற்குப் பள்ளியில் ஒரு அட்டவணை தந்தார்கள், மனப்பாடம் செய்தோம். அட்டவணை போட்டவர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

ஒருத்தரைச் சொல்லலாம். ராபர்ட் லௌத். பின்னால் லண்டன் பிஷப் ஆனவர். 1762இல் வெளியான அவருடைய இலக்கண நூல், ஒருவரைப் பார்த்து 'யூ வாஸ்' என்று சொல்வது பெரும் வழு என்று தீர்ப்புச் சொன்னது. அந்தக் காலத்தில் படித்தவர்களே எழுதிக்கொண்டிருந்த வடிவம் அது. யோசித்துப் பார்த்தால் 'யூ வாஸ்' உபயோகமானதும்கூட. ஒருவரா பலரா என்ற வேறுபாட்டை அது காப்பாற்றிக்கொடுத்தது. இருந்தும் தோற்றது. இன்றைக்கு அதைச் சொன்னால் படிக்காதவர் என்று அர்த்தம்.

இதையெல்லாம் தமிழில் எம்.ஏ. படித்த நான் ஏன் பேச வேண்டும்? 'அவர் ஆசிரியர்' என்கிறோம். வினையே இல்லை. நம் இலக்கணம் இதைப் பெயர்ப் பயனிலை என்று சொல்லி மரியாதையாக உட்கார வைத்திருக்கிறது. ஏதோ குறைகிறது என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ரஷ்ய மொழியிலும் அரபியிலும் நிகழ்காலத்தில் இதே கதைதான். ஆனால் இதே அமைப்பில் அமெரிக்கக் கறுப்பினக் குழந்தை 'ஷீ எ டீச்சர்' என்று சொன்னால் அது சோம்பேறித்தனம், அரைகுறை, ஊனம்.

அப்படி இல்லை என்று 1969இல் வில்லியம் லபாவ் ஒரு கட்டுரையில் காட்டினார். பொது ஆங்கிலம் 'இஸ்'ஸை எங்கெல்லாம் சுருக்க முடியுமோ அங்கெல்லாம் கறுப்பின ஆங்கிலம் அதை விட்டுவிட முடியும். 'ஷீ இஸ்' என்பது 'ஷீஸ்' ஆகிறது, அதனால் அங்கே விடலாம். சுருக்க முடியாத இடத்தில் விடவும் முடியாது. 'ஐ நோ ஹூ ஹி இஸ்' என்ற வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் 'இஸ்'ஸைச் சுருக்கிப் பாருங்கள், வராது. அதைக் கறுப்பினக் குழந்தையும் விடாது. சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு துல்லியமான விதி எப்படி வாய்க்கும்?

இன்னொரு சங்கதி இதைவிட முக்கியம். அந்தப் பேச்சில் 'ஹி வொர்க்கிங்' என்றால் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறான். 'ஹி பி வொர்க்கிங்' என்றால் வழக்கமாக வேலை செய்வான். இந்த நிமிஷம் படுத்துத் தூங்கிக்கொண்டும் இருக்கலாம். ஜானிஸ் ஜாக்சன் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார் (லிசா கிரீனோடு சேர்ந்து 2005இல் வெளியிட்டார்). 'செசமி ஸ்ட்ரீட்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குக்கி மான்ஸ்டர் என்ற பொம்மைக்கு பிஸ்கட் தின்பதுதான் பிழைப்பே. சோதனைப் படத்தில் அது உடம்பு சரியில்லாமல் கிடக்கிறது, எல்மோ என்ற வேறு பொம்மை தின்கிறது. 'ஹூ இஸ் ஈட்டிங்' என்று கேட்டால் எல்லாக் குழந்தைகளும் எல்மோவைக் காட்டின. 'ஹூ பி ஈட்டிங்' என்று கேட்டதும் வெள்ளைக் குழந்தைகள் திரும்பவும் எல்மோவையே காட்டின. கறுப்பினக் குழந்தைகள் பெரும்பாலும் குக்கி மான்ஸ்டரைக் காட்டின. கேள்வியில் இருந்த இலக்கணம் அவர்கள் காதில்தான் விழுந்தது.

இது மொழியியல் சுவாரஸ்யத்தோடு முடிகிற விஷயமில்லை. மிச்சிகனில் ஆன் ஆர்பர் நகரத்துப் பள்ளி ஒன்றில் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளைக் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் என்று ஒதுக்கி வைத்தார்கள். 1977இல் வழக்கு. லபாவ் சாட்சி சொன்னார். 1979 ஜூலையில் நீதிபதி சார்ல்ஸ் ஜாய்னர் தீர்ப்பளித்தார்: பிள்ளைகளின் வீட்டுமொழியை ஆசிரியர்கள் தெரிந்துகொண்டு, அந்த அறிவோடு வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். பிள்ளைகளைத் திருத்த அல்ல, ஆசிரியர்களைப் படிக்க வைக்க உத்தரவு!

1996 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் பள்ளிக் குழு இதையே பெரிய அளவில் செய்யத் தீர்மானம் போட்டது. தீர்மானத்தின் வாசகத்தில் கோளாறு இருந்தது, மறுமாதமே திருத்தினார்கள். அதற்குள் நாடே சிரித்துவிட்டது. ஜெஸ்ஸி ஜாக்சனே முதலில் எதிர்த்துப் பேசிவிட்டுப் பிறகு மாற்றிக்கொண்டார். இந்தப் பேச்சுக்கு ஒழுங்கும் விதியும் உண்டு என்று அமெரிக்க மொழியியல் சங்கம் 1997 ஜனவரியில் சொன்னதை எத்தனை பேர் கேட்டார்கள்?

அடுத்த வருஷம், 1998 ஆகஸ்டில், அமெரிக்க ஜனாதிபதி பில் கிளின்டன் கிராண்ட் ஜூரி முன் சாட்சியம் சொல்லும்போது, எல்லாம் 'இஸ்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதைப் பொறுத்தது என்றார். இப்போது இல்லை என்பது ஒன்று, எப்போதுமே இருந்ததில்லை என்பது வேறொன்று என்பது அவர் வாதம். அந்தச் சமயத்துக்கும் மொத்தக் காலத்துக்கும் கோடு போடப் பார்க்கிறார், அவருடைய ஆங்கிலத்தில் அதற்குத் தனி வடிவம் இல்லை. கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு கோட்டைத்தான் ஓக்லண்ட் பிள்ளைகள் 'பி'யை வைத்துத் தினமும் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்தும் சிரித்தார்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. வழுக்கலான வக்கீல் என்று சிரித்தார்கள். ஆங்கிலம் தெரியாதவர் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நம் சிறுபத்திரிகை மரபில் இந்த வினைச்சொல் என்றாலே ஹைடெக்கர், பென்வெனிஸ்த், தெரிதா என்று போய்விடுகிறோம். அரிஸ்டாட்டிலின் வகைமைகள் கிரேக்க மொழியின் வகைமைகளே என்று பென்வெனிஸ்த் 1958இல் எழுதினார். மேற்கு ஆப்பிரிக்காவின் ஈவே மொழியில் இந்த ஒரு வினையின் வேலையைப் பல வினைகள் பகிர்ந்துகொள்கின்றன என்றும் காட்டினார். தெரிதா 1971இல் அதைக் கட்டவிழ்த்தார். முக்கியமான விவாதம், மறுக்கவில்லை. ஆனாலும் ஏதென்ஸைச் சுற்றியே நடக்கிறது. வகுப்பில் தள்ளி உட்கார வைக்கப்பட்ட பிள்ளைக்கு அதில் இடமில்லை.

நம் பங்கு வேறு இடத்தில் வருகிறது, மொழிபெயர்ப்பில். கறுப்பினப் பாத்திரம் 'பி' போட்டுப் பேசினால் நம் மொழிபெயர்ப்பாளர்கள் கையாளும் சுலபமான வழி, விகுதியை முறித்து, உச்சரிப்பைச் சிதைத்து 'வேல செய்யிறது அவன்' என்கிற மாதிரி ஒரு நொண்டித்தமிழை அவர் வாயில் வைப்பது. விளிம்பின் குரலைக் கொண்டுவந்துவிட்டதாக முன்னுரையும் எழுதிவிடுகிறார்கள். கொண்டுவந்தது அந்த ஊர் வெள்ளை வாத்தியாரின் காதை. தமிழில் அந்த 'பி'க்கு ஏற்கெனவே வடிவம் இருக்கிறது. 'தேள் கொட்டும்' என்கிறோமே, அந்த 'உம்'. 'தினம் சாயங்காலம் வருவான், திண்ணையில உக்காந்து பேசுவான்' என்கிறோமே, அந்த 'வான்'. முக்காலத்துக்கும் பொதுவாக நடப்பதற்குத் தொல்காப்பிய வினையியலே இடம் ஒதுக்கியிருக்கிறது. 'ஹி பி வொர்க்கிங்' என்பதற்கு 'அவன் வேலை செய்வான்' என்று எழுதினால் போதும். பேச்சுவழக்கு வேண்டுமென்றால் 'அவன் வேல செய்வான்'. பொது ஆங்கிலத்தின் 'ஹி இஸ் வொர்க்கிங்'குக்குத்தான் 'செய்துகொண்டிருக்கிறான்' என்று நாம் நீட்டி முழக்க வேண்டியிருக்கிறது.